மெய்நிகராக்கத்தில் இயக்கமும் ஆதரவும்
ஒரே கணினியில் பல இயங்குதளங்களைத் தனித்தனியே இயக்கும் நுட்பம் மெய்நிகராக்கம் ஆகும். தாங்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனவும், அதன்மேல் இயங்குவது விருந்தினர் இயங்குதளம் எனவும் வழங்கப்பெறும். விருந்தினர் இயங்குதளம் செவ்வனே இயங்குவதாலேயே அதற்கு நிறுவன ஆதரவும் உண்டு எனக் கொள்ளுதல் பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் ஆக்கங்களாயின், பழுதுக்குப் பொறுப்பு எவருடையது என்னும் வினா எழும்.

முன்னர், பிற நிறுவன ஹைப்பர்வைசரில் விண்டோஸ் பழுதுற்றால், அப்பழுது நேரடி வன்பொருளிலும் நிகழ்வதைக் காட்டுமாறு மைக்ரோசாஃப்ட் கோருவதுண்டு. 2008இல் அந்நிறுவனம் சர்வர் மெய்நிகராக்கச் சரிபார்ப்புத் திட்டத்தைத் தொடங்கியபின், அதில் தேர்ச்சி பெற்ற ஹைப்பர்வைசர்களில் விண்டோஸ் சர்வருக்கு ஆதரவு உறுதியாயிற்று. 2009 பிப்ரவரியில் ரெட் ஹேட்டும் மைக்ரோசாஃப்டும் ஒன்றன் இயங்குதளத்தை மற்றொன்றன் ஹைப்பர்வைசரில் சோதித்து ஆதரிக்க உடன்பட்டன.

எனவே ஆதரவு என்பது நுட்பத்தின் இயல்பன்று. சோதனையாலும் உடன்பாட்டாலும் வரையறுக்கப்படும் பொறுப்பாகும்.