கூரை வெயிலும் கரண்ட் பில்லும்

மாலை ஆறு மணி. எழுத்தறிவு வகுப்பு தொடங்கும் நேரம். ஓர் அக்கா வேகமாக வந்தார். அவர் கையில் கரண்ட் பில் இருந்தது.

“தம்பி, இன்றைக்கு ஓர் ஆள் வீட்டுக்கு வந்தான். கூரையில் சோலார் வைத்தால் அரசாங்கம் பணம் தருமாம். இரண்டாயிரம் ரூபாய் கொடு, போனில் வரும் நம்பரைச் சொல், நானே பதிவு செய்து தருகிறேன் என்றான். நான் கொடுக்கவில்லை. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இது நிஜமா, பொய்யா?”

திட்டம் நிஜம். அந்த ஆள் சொன்ன வழிதான் தவறு. அன்று வகுப்பில் இதைப் பற்றித்தான் பேசினோம். நீங்களும் படித்துப் பாருங்கள்.

நம் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

சென்னையிலிருந்து அந்தமான் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் கடல். மெயின்லேண்டிலிருந்து நமக்கு மின்கம்பி வரவில்லை. நமக்கு வேண்டிய கரண்டை இங்கேயேதான் செய்ய வேண்டும்.

டிக்லிபூர் பக்கம் கல்போங் ஆற்றில் ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறது. தெற்கு அந்தமானில் சூரிய மின் நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் பெரும்பகுதி கரண்ட் டீசல் இயந்திரங்களில்தான் உண்டாகிறது. அந்த டீசல் கப்பலில் வருகிறது. டீசலுக்குச் செலவு அதிகம். புகையும் அதிகம்.

வெயிலுக்குக் கப்பல் வேண்டாம். அது நம் கூரை மேலேயே விழுகிறது.

அரசாங்கம் என்ன தருகிறது?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் பி.எம். சூர்ய கர். நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் தகடு வைப்பது அதன் நோக்கம். 2026-27 நிதியாண்டு வரை நடத்தத் திட்டமிட்டது.

தகடு வைக்கும் வீட்டுக்கு மானியம் உண்டு. தீவுகளுக்கும் மலை மாநிலங்களுக்கும் மற்ற இடங்களைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தருகிறார்கள். நமக்குக் கிடைப்பது இது:

1 கிலோவாட்: 33,000 ரூபாய்.
2 கிலோவாட்: 66,000 ரூபாய்.
3 கிலோவாட்: 85,800 ரூபாய்.
அதற்கு மேல் எவ்வளவு வைத்தாலும் 85,800 ரூபாய்தான்.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத கூரை ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் கிடைக்கும். மழைக்காலத்தில் குறையும். மாதம் 150 யூனிட்டுக்குள் செலவாகும் வீட்டுக்கு 1 முதல் 2 கிலோவாட் போதும்.

இதைக் கவனியுங்கள்: மானியம் முதலில் வராது. தகடு வைத்து, மின்துறை வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வரும். அதுவரை பணம் நம்முடையது. கையில் இல்லாதவர்களுக்கு அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. கடன் வாங்கும் முன் மாதத் தவணை எவ்வளவு என்று கேளுங்கள். இப்போது கட்டும் கரண்ட் பில் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

யார் பதிவு செய்யலாம்?

வீடு சொந்தமாக இருக்க வேண்டும். கூரை தகடு வைக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். வீட்டில் மின் இணைப்பு இருக்க வேண்டும். சோலாருக்கு முன்பே மானியம் வாங்கியிருக்கக் கூடாது.

எதை எடுத்து வைக்க வேண்டும்?

ஒன்று, கரண்ட் பில். அதில் நுகர்வோர் எண் இருக்கும். இரண்டு, உங்கள் கைபேசி. மூன்று, உங்கள் பெயரில் உள்ள வங்கிப் பாஸ்புத்தகம்.

பதிவு செய்வது எப்படி?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் கேபிள் வந்து சேர்ந்தது. அதற்கு முன் நம் ஊரில் இணையம் ஆமை வேகம். இப்போது கைபேசியிலேயே பதிவு செய்யலாம்.

1. பி.எம். சூர்ய கர் இணையதளத்தைத் திறக்க வேண்டும். முகவரியின் கடைசியில் ‘ஜிஓவி டாட் இன்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால்தான் அது அரசாங்கத் தளம்.

2. கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதை நீங்களே அழுத்துங்கள்.

3. மாநிலம் என்ற இடத்தில் அந்தமான் நிக்கோபாரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மின்துறையைத் தேர்ந்தெடுங்கள்.

4. நுகர்வோர் எண்ணைப் பில்லைப் பார்த்து எழுதுங்கள். ஓர் எண் மாறினால் மனு வேறு வீட்டுக்குப் போய்விடும். இரண்டு முறை சரிபாருங்கள்.

5. மனு ஏற்கப்பட்ட பிறகு, அந்தத் தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஐந்து ஆண்டுகள் பராமரிப்பது அவர்கள் பொறுப்பு. அதை எழுதி வாங்குங்கள். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். தகட்டைத் தாங்கும் சட்டம் எதனால் ஆனது என்றும் கேளுங்கள்.

6. வேலை முடிந்ததும் புதிய மீட்டர் வைப்பார்கள். நாம் எடுக்கும் கரண்ட், கம்பிக்குத் திருப்பித் தரும் கரண்ட் இரண்டையும் அது கணக்கிடும். மின்துறை பார்த்துச் சான்று தரும்.

7. கடைசியாக வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டும். மானியம் நேராக உங்கள் கணக்குக்கு வரும். வேறு யார் கைக்கும் போகாது.

தளத்தில் எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதும் எண்கள்தான் அதிலும் இருக்கும். எண்ணை நீங்களே சரிபார்க்கலாம்.

ஏமாற வேண்டாம்

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஓ.டி.பி. என்பது நம் வீட்டுச் சாவி போன்றது. யாருக்கும் சொல்லக் கூடாது. போனில் கேட்டாலும் சொல்லக் கூடாது, வாசலில் நின்று கேட்டாலும் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் 15555 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது இந்தத் திட்டத்தின் உதவி எண். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள்.

ஒரு பெரியவர் கேட்டார்: “கரண்ட் போனாலும் இது எரியுமா?”

எரியாது. மின்கம்பியோடு சேர்ந்த சோலார், கம்பியில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். காரணம் உண்டு. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் கூரையிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது. கரண்ட் போன நேரத்திலும் விளக்கு எரிய பேட்டரி வேண்டும். அதற்குத் தனிச் செலவு.

அக்காவின் பில்

கடைசியில் அக்காவின் பில்லை வாங்கிப் பார்த்தோம். “நீங்களே படியுங்கள்” என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயர் வந்ததும் நிறுத்தினார். அது அவர் கணவரின் பெயர். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் பெயரில்தான் பதிவு செய்ய முடியும். இணைப்பை முதலில் அக்காவின் பெயருக்கு மாற்ற வேண்டும். இது தெரியாமல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்திருந்தால் பணமும் போயிருக்கும், வேலையும் நடந்திருக்காது.

மறுநாள் அவர் மின்துறை அலுவலகத்துக்குப் பெயர் மாற்ற மனு கொண்டு போனார். கணவர் இருந்தபோது அதே அலுவலகத்தில் ஒரு தாளில் கைநாட்டு வைத்தவர் அவர். இந்த முறை மனுவைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லை இன்று எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது? நுகர்வோர் எண் எங்கே இருக்கிறது? போன மாதம் எத்தனை யூனிட்? மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.