ரப்பருக்கு அரிசி: 1952 இலங்கை–சீன ஒப்பந்தத்தின் கணக்கு

இலங்கையும் சீனாவும் கைகுலுக்கும் மேடைகளில் 1952 ரப்பர்–அரிசி ஒப்பந்தத்தை இன்றைக்கும் யாராவது நினைவுகூர்வார்கள். பழைய நட்பின் அடையாளம் என்பார்கள். எனக்கென்னவோ அதை ஒரு விலைப்பட்டியலாகப் படிப்பதுதான் சரி என்று படுகிறது.

அப்போது இலங்கை சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதற்கான காசு தேயிலை, ரப்பர், தேங்காய் விற்றுத்தான் வரணும். கொரியப் போர் தொடங்கியதும் எகிறிய ரப்பர் விலை 1952-இல் சரிந்துவிட்டது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. ரேஷன் அரிசியை அரசு மானியத்தில் கொடுத்துவந்தது. அதில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது அடுத்த வருஷமே தெரிந்தது. ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். 1953 ஆகஸ்டில் ஹர்த்தால் வெடித்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இந்த டட்லி கம்யூனிச அனுதாபி எல்லாம் கிடையாது. அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி கம்யூனிச எதிர்ப்புக்குப் பேர்போனது. பெய்ஜிங் அரசை இலங்கை 1950-லேயே அங்கீகரித்திருந்தது, ஆனால் தூதரக உறவு 1957-இல்தான் வந்தது. ஆனாலும் வணிக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க (டட்லியின் பெரியப்பா மகன்) பெய்ஜிங் போனார். 1952 டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. வருஷத்துக்குச் சீனா 2,70,000 டன் அரிசி தரும், இலங்கை 50,000 டன் ரப்பர் தரும். ரப்பருக்குச் சந்தையைவிட அதிக விலை, அரிசிக்குச் சந்தையைவிடக் குறைந்த விலை!

சீனா ஏன் இப்படி அள்ளிக் கொடுத்தது? வேற வழி இல்லை. 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை, போருக்குப் பயன்படும் சரக்குகளைச் சீனாவுக்கு அனுப்பக்கூடாது என்று தீர்மானம் போட்டது. ரப்பரும் அந்தக் கணக்கில்தான் வந்தது. பக்கத்து மலேயா பிரிட்டன் கையில் இருந்ததால் அங்கேயும் வாங்க முடியாது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரே இல்லை, 1955-இல்தான் சேர்ந்தது.

அமெரிக்கா என்ன செய்தது? ரப்பரைச் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்றது, அதுக்கு மேல தரத் தயாராக இல்லை. கம்யூனிச நாடுகளுக்குப் போர்ப் பொருள் விற்பவர்களுக்கு உதவியை நிறுத்தச் சொல்லும் பேட்டில் சட்டம் கையில் இருந்தது. இலங்கைக்கு உதவிக் கதவு சாத்தப்பட்டது. ஆனால் எப்போதோ வரப்போகிற உதவியைக் காட்டி, இந்த மாசம் ரேஷன் கடையில் அரிசி போட வேண்டியவரை மிரட்ட முடியுமா?

இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 1957 புதுப்பித்தல்தான். அதற்கு முந்தைய வருஷமே மலேயா ரப்பர் சீனாவுக்குத் திறந்துவிடப்பட்டது. உடனே அந்தக் கூடுதல் விலை போய்விட்டது. அதன் இடத்தில் ரப்பர் மறுநடவுக்கு என்று ஐந்தாண்டுகளில் 7.5 கோடி ரூபாய் சீன மானியம் வந்தது. முன்பு ‘விலை’ என்ற பெயரில் கிடைத்தது இப்போது ‘உதவி’ ஆகிவிட்டது. பேரத்தில் இலங்கையின் கை தாழ்ந்ததும் பெயரும் மாறிவிட்டது.

அப்புறம் அந்த ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை ஓடியது. அமெரிக்க உதவி? அது 1956-லேயே வந்துசேர்ந்தது, ரப்பர் சீனாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தபோதே.