நுண்கம்பியிற் காந்தச் சுவர்

இரும்புத் துண்டுகள் யாவும் இயல்பாகவே காந்தமாக விளங்காமைக்குக் காரணம் யாது? 1907ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பியர் வைஸ் இதற்கு விடை கண்டார். அயக்காந்தப் பொருளினுள்ளே சிறு காந்தப் பிரதேசங்கள் பல உள. ஒரு பிரதேசத்தினுள் அணுக்காந்தங்கள் யாவும் ஒருமுகமாய் நிற்கும். பிரதேசங்கள் பல திசை நோக்கின் அவற்றின் வலிமை ஒன்றையொன்று அழித்துவிடும் என்பது அவர் கொள்கை. அங்ஙனமாயின், இரு பிரதேசங்கள் சந்திக்கும் எல்லையில் நிகழ்வது யாது?

எல்லை என்றதும் மதில் போன்றதொன்று மனத்தில் எழும். 1932இல் பீலிக்ஸ் புளொக் விளக்கிய உண்மை வேறு. கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறும் மலைப்பாதை, திசைமாற வேண்டிய இடத்தில் வளைந்தே திரும்புகின்றது. அணுக்காந்தங்களும் அவ்வாறே படிப்படியாகத் திரும்புகின்றன. அயலணுக்களை ஒருமுகப்படுத்தும் பரிமாற்றச் சக்தி அத்திருப்பத்தை நீட்ட முயலும். பளிங்கின் அச்சினை விட்டு விலகவிடாத திசைச்சார்புச் சக்தி அதனைச் சுருக்க முயலும். இவ்விரண்டின் இணக்கமே சுவரின் அகலம். இரும்பில் அஃது ஏறத்தாழ 40 நனோமீற்றர். நூறு அணுக்களுக்கு மேற்பட்ட தூரம்.

காந்தத் திசைச்சார்பை அளந்தோருள் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் பளிங்குகளை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுமாற்றை நுட்பமாக அளந்தார். அவர் ஆராய்ந்தவை அயக்காந்தப் பொருள்கள் அல்லவெனினும், பளிங்கின் அமைப்புக்கும் காந்தத்துக்குமுள்ள உறவு அவ்வளவைகளாற் பெரிதும் தெளிவுற்றது.

நுண்கம்பியில் நிலைமை மாறுகின்றது. நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மலோயிற் பளிங்கின் திசைச்சார்பு மிகச் சிறிது. ஆதலின் கம்பியின் வடிவமே ஆட்சி செய்கின்றது. அணுக்காந்தங்கள் கம்பியின் நீளவாட்டில் அமைகின்றன. எதிரெதிர் நோக்கும் இரு பிரதேசங்களிடையே தோன்றும் சுவர் பெரும்பாலும் இருவகைப்படும் என மக்மைக்கேலும் டொனகியூவும் 1997இற் கணித்துக் காட்டினர். ஒடுங்கிய மெல்லிய கம்பியில் தோன்றுவது குறுக்குச் சுவர். அகன்று தடித்ததில் தோன்றுவது சுழிச் சுவர். குறுக்குச் சுவர் கம்பியின் ஓரங்களிற் காந்த முனைகளை வெளிப்படுத்திச் சக்தியை மிகுவிக்கும். சுழியோ காந்தப் பாய்வைத் தன்னுள்ளே மூடிக்கொள்ளும். ஆயின் மையத்தில் அணுக்காந்தங்களைக் கடுமையாக வளைத்தல் வேண்டும். இலாப நட்டத்தைக் கம்பியின் அளவே தீர்மானிக்கின்றது.

இவ்வாராய்ச்சியின் பயன் சிறிதன்று. 2004இல் யப்பானிய அறிஞர் யாமகுச்சி குழுவினர், 240 நனோமீற்றர் அகலமும் 10 நனோமீற்றர் தடிப்புமுள்ள கம்பியில், மின்னோட்டத் துடிப்புக்களால் ஒரு தனிச் சுவரை நகர்த்திக் காட்டினர். பிரதேசங்களையே எழுத்துக்களாகக் கொண்டு அவற்றைக் கம்பி வழியே ஓட்டும் நினைவகத் திட்டத்தை 2008இல் ஸ்டூவர்ட் பார்க்கின் விளக்கினார். ஆயினும் உந்துவிசை ஓரெல்லையைக் கடப்பின் சுவரின் உள்ளமைப்பே குலைந்து மாறி, அதன் வேகம் குன்றிவிடும். ஆகவே, காந்தக் கம்பியிற் செய்தியைப் பொறிக்க விழைவோர் முதற்கண் அறிய வேண்டியது அச்சுவரின் அமைப்பேயாம்.