யாருடைய இடம் என்று தெரிந்துகொண்டு புகார் எழுதுங்கள்

பாதாளச் சாக்கடை வராத தெருவில் செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரியைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பணம் ஆகும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கச் சிலர் ஒரு குழாயைப் பதித்து, வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விட்டுவிடுகிறார்கள். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த நாற்றம் புதிதல்ல. மழைநீர் வடிகால் போய்ச் சேரும் இடம் ஏரி. செம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் அந்த நீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் இடம்பெற்ற சதுப்புநிலம் அது. நம் தெருவில் ஒரு வீடு திருட்டுத்தனமாகப் பதித்த குழாய் அவ்வளவு தூரம் பாதிக்கிறது.

இதை யாரிடம் சொல்வது? பலர் 1913-க்குப் போன் செய்கிறார்கள். அது பெருநகர சென்னை மாநகராட்சியின் எண். மாடம்பாக்கம் சென்னை மாநகராட்சியில் இல்லை. 2021 நவம்பர் வரை அது தனிப் பேரூராட்சி. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்ந்தது. இப்போது 70 வார்டுகள், ஐந்து மண்டலங்கள். உங்கள் வார்டு எண் சொத்து வரி ரசீதில் இருக்கும். புகார் எழுத உட்காரும் முன் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதெல்லாம் மாநகராட்சியின் பொறுப்பல்ல. பாதிப் புகார்கள் அலைக்கழிவது இங்கேதான் என்பது என் எண்ணம். உட்தெரு, தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் எல்லாம் மாநகராட்சியைச் சேர்ந்தவை. பெரிய சாலைகள் சில மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. அங்கே நடைபாதையை மறித்துக் கடையை நீட்டினால் அந்தத் துறைக்கும் எழுத வேண்டும். நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரியின் கரையை வெட்டி மண் கொட்டினால் அது நீர்வளத் துறையின் வேலை. அத்தகைய ஏரிகளைக் காக்க 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. புறம்போக்கு நிலத்துக்கு வருவாய்த் துறை, அதாவது தாசில்தார் அலுவலகம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி அலறினால் காவல் நிலையம்.

மாடம்பாக்கத்துக்கு இன்னொன்றும் உண்டு. யானையின் பின்புறம் போன்ற தூங்கானை மாட அமைப்பில் நிற்கும் சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கோயிலை ஒட்டி அஸ்திவாரம் தோண்டுவதைப் பார்த்தால் புகாரின் ஒரு நகல் தொல்லியல் துறைக்கும் போக வேண்டும். ஆயிரம் ஆண்டு நின்ற ஒரு கோயிலைச் சுற்றி மூச்சுவிட இடம் மிஞ்சுவது அக்கம்பக்கத்தார் விழித்திருப்பதைப் பொறுத்தது.

மற்ற இடங்களில் கட்டடம் எழும்பும்போது பார்க்க வேண்டியது வாசலில் உள்ள பலகை. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. பலகையில் அனுமதி எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதையே புகாரில் முதல் வரியாக எழுதுங்கள். அடித்தளம் போடும்போதே எழுதுவது நல்லது. வீடு கட்டி, பால் காய்ச்சி, குடும்பம் குடியேறிய பிறகு எந்த அதிகாரியும் இடிக்கத் தயங்குவார்.

இனி எழுதும் முறை. "எங்கள் பகுதியில் சுகாதாரச் சீர்கேடு, உடனே நடவடிக்கை எடுக்கவும்" என்ற மனுவை வைத்துக்கொண்டு எந்தச் சுகாதார ஆய்வாளரும் எங்கும் போக முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்த வார்டு, இந்தத் தெரு, இந்த எண்ணுள்ள மின்கம்பத்துக்கு எதிர் வீட்டிலிருந்து மழைநீர் வடிகாலுக்குள் குழாய் வைத்துக் கழிவுநீர் விடப்படுகிறது. இணைப்பைத் துண்டித்து, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்." கதவு எண் தெரியாத இடத்தில் மின்கம்ப எண் பெரிய உதவி. படம் எடுத்தால் குழாயும் பக்கத்தில் ஓர் அடையாளமும் சேர்ந்து தெரியட்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை போதும். தெருவிளக்கையும் நாயையும் குப்பையையும் சேர்த்து எழுதினால், அவற்றில் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மனுவையே முடித்துவிடுவார்கள்.

கழிவுநீர் லாரி காலி மனையிலோ ஏரியிலோ கொட்டினால் வண்டி எண், இடம், நேரம் மூன்றும் வேண்டும். இந்த லாரிகள் உரிமம் பெற்று ஓட வேண்டியவை என்பதால் வண்டி எண்ணை வைத்தே உரிமையாளரைப் பிடித்துவிடலாம். ஆனால் செப்டிக் டேங்குக்குள் ஓர் ஆள் இறங்குவதைக் கண்டால் மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அந்தக் கணமே தடுத்து, காவல்துறையை அழையுங்கள். தகுந்த பாதுகாப்பு இல்லாமல் அப்படி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எத்தனையோ பேர் அந்தக் குழிகளில் விஷவாயு தாக்கி இறந்திருக்கிறார்கள்.

அனுமதியில்லாத பேனர் விஷயத்திலும் புகார் எழுதத் தாமதம் கூடாது. 2019 செப்டம்பரில் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் அனுமதியின்றி வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் பொறியாளர் நிலைதடுமாறிக் கீழே விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி மோதி உயிரிழந்தார். அது நம்மவர் பலர் தினமும் வேலைக்குப் போகும் சாலை.

ஒரு வேண்டுகோள். தள்ளுவண்டிக்காரர்மீது புகார் எழுதுமுன் யோசியுங்கள். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் அப்புறப்படுத்தக் கூடாது. நடைபாதையில் ஷட்டரை இழுத்து நீட்டிய பெரிய கடையை விட்டுவிட்டு, கீரை விற்கும் அம்மாவை மட்டும் விரட்டும் புகார் நியாயமானதல்ல.

மனுவை மண்டல அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணில் பதியலாம், திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கலாம். பெயரில்லா மனுவைப் பெரும்பாலும் கிடப்பில் போட்டுவிடுவார்கள். பெயர் வெளியே போனால் அண்டை வீட்டாரோடு பகை வரும் என்ற பயம் உண்மையானது. நலச்சங்கத்தின் பெயரில் கொடுத்தால் அந்தப் பாரம் ஒருவர் தலையில் விழாது.

"கள ஆய்வு செய்து முடிக்கப்பட்டது" என்று பதில் வந்து, குழாய் அப்படியே இருந்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் தர மாட்டார்கள். கள ஆய்வு அறிக்கையின் நகலையும், அனுப்பிய நோட்டீஸின் நகலையும் கேளுங்கள். ஆய்வே நடக்கவில்லையென்றால் அது அப்போது தெரிந்துவிடும்.

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை என்றும் ஒன்று உண்டு. 2022 நவம்பர் 1 அன்று அது தொடங்கியபோது அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்ட கூட்டம் இதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான் நடந்தது. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். புகார் எண்ணோடு போய், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்கார்ந்திருங்கள்.