ஊற்று ஓடும் வரைதான் கல் வளரும்

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெள்ளையாக ஒரு படை பிடிக்கும். தேசிக்காய்ப்புளி விட்டுத் தேய்த்தால்தான் கழரும். குடாநாட்டின் கீழே கிடக்கும் சுண்ணக்கல்தான் அதற்குக் காரணம். நாம் இப்போது வாழும் அமெரிக்காவிலும் சுண்ணக்கல் நிலங்கள் உண்டு. அங்கே ஊற்று நீர் இதே படையைத் திறந்த வெளியில் விட்டுச் செல்கிறது. காலப்போக்கில் அது கல்லாகிறது. அதன் பெயர் டூஃபா. ஊற்றுக்கல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணக்கல்லைக் கரைத்துக்கொண்டு நிலத்தடியில் ஓடுகிறது. ஊற்றாக வெளியே வந்ததும், சோடாப் போத்தலைத் திறந்தால் நடப்பதுபோல, வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணம் நீரில் தங்க முடியாமல் கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. கேத்திலில் நெருப்பு செய்யும் வேலையை ஊற்றில் நீரின் சிதறல் செய்கிறது. பாசி, இலை, சுள்ளி எது இருந்தாலும் அதன்மேல் சுண்ணம் படியும். உள்ளே இருந்தவை உக்கிப்போக, துளைகள் நிறைந்த கல் மிஞ்சும்.

சுண்ணம் ஒன்றுதான். நிலம் மாறும்போது அதன் உருவம் மாறுகிறது.

ரெக்சாஸில் இருப்பவர்கள் ஒஸ்ரினுக்கு வடமேற்கே கொலராடோ பென்ட் மாநிலப் பூங்காவில் இதைப் பார்க்கலாம். அங்குள்ள கோர்மன் நீர்வீழ்ச்சியில் ஊற்று நீர் ஏறத்தாழ 70 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பொதுவாக அருவிகள் தம் பாறையை அரித்துப் பின்வாங்கும். இந்த அருவியோ கல்லைக் கட்டிக்கொண்டு முன்னோக்கி வளர்கிறது. நீர் அதிகம் சிதறும் இடத்தில் வாயு விரைவாக வெளியேறுவதால் படிவும் அங்கேதான் அதிகம். அதனால் பாறை முழுவதும் பாசி படர்ந்த திரைச்சீலை மடிப்புகளாகத் தொங்குகிறது.

சரிவில் திரையாகும் சுண்ணம், ஏரிக்கு அடியில் கோபுரமாகிறது. சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியில் இருப்பவர்கள் கோடையில் யோசெமிட்டி வழியாக சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்தால் மோனோ ஏரியை அடையலாம். ஆறுகள் வந்து சேரும், வெளியே போக வழியில்லாத ஏரி அது. அதன் நீர் கடலைவிட உப்பானது, காபனேற்று நிறைந்தது. ஏரியின் அடியில் கல்சியம் கொண்ட ஊற்று அந்த நீருடன் கலக்கும் இடத்தில் சுண்ணம் உடனே படிந்து, ஊற்றைச் சுற்றிக் குழல்போல எழும்புகிறது.

இந்தக் கோபுரங்கள் நீருக்குள்தான் வளரும். அவை இன்று கரையில் நிற்பதற்குக் காரணம், 1941 முதல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பி எடுத்ததுதான். 1982க்குள் நீர்மட்டம் ஏறத்தாழ 45 அடி இறங்கியது. ஏரி தன் நீரில் பாதியை இழந்தது. மக்கள் போராடினர், வழக்குகளும் நடந்தன. 1994இல் மாநில நீர்வளச் சபை, ஏரி கடல்மட்டத்திலிருந்து 6,392 அடிக்கு உயர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த உயரத்தை ஏரி இன்னும் எட்டவில்லை. நாம் படம் எடுத்து மகிழும் கோபுரங்கள், பறிபோன தண்ணீரின் அளவுகோல்கள்.

நியூ ஜேர்சியின் பெரும்பகுதியில் இத்தகைய கல் இல்லை. வடமேற்கே வாரன் மாவட்டத்தின் சுண்ணக்கல் பள்ளத்தாக்கில் உள்ள வைற் ஏரியில், சுண்ணம் நத்தை ஓடுகளுடன் சேர்ந்து வெள்ளைச் சேறாக அடியில் கிடக்கிறது. ஏரியின் பெயரும் அதனால்தான்.

மூன்று இடங்களிலும் கல்லுக்கு உயிர் தருவது ஊற்றுதான். வறட்சியாலோ அளவுக்கு மீறிய இறைப்பாலோ ஊற்று வற்றினால் கல்லும் வளராது. இது நமக்குப் புதிய பாடமல்ல. வற்றாத ஆறில்லாத நம் குடாநாட்டில் மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில்தான் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலேறும். ஊரில் தோட்டம் செய்பவர்களுக்கு இது தெரியும். இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

விடுமுறையில் இந்த இடங்களுக்குப் போனால் கல்மேல் ஏற விடாதீர்கள். காலால் மிதித்தாலே நொறுங்கும் இடங்கள் உண்டு. எட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஈரமாகவும் பச்சையாகவும் இருந்தால் கல் வளர்கிறது. காய்ந்து வெளுத்திருந்தால், தண்ணீர் எங்கே போனது என்று கேட்கப் பழக்குங்கள்.