ஐந்து வாரத்து முயலின் வயிறு

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் வளர்ப்புப் பிராணிக் கடைகளிலும் கம்பிக்கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் வெள்ளை முயல்குட்டிகளில் பல, எட்டு வாரத்தைத் தொடாதவை. அந்த வயதில்தான் அவை கைக்குள் அடங்கும்; பிள்ளைகள் அடம்பிடிப்பதும் அந்த அளவுக் குட்டிகளைப் பார்த்துத்தான். வீட்டுக்கு வந்து நாலைந்து நாளில் குட்டி தின்னாமல் ஒடுங்கி உட்காரும். மறுநாள் கழிச்சல். அதற்கடுத்த காலையில் விறைத்துக் கிடக்கும். குளிர் தாங்கவில்லை என்று ஒருவர் சொல்வார், கண்பட்டுவிட்டது என்று இன்னொருவர் சொல்வார். விற்றவரைக் கேட்டால், “முயல் அப்படித்தாங்க, திடீர்னு போயிடும்” என்பார். திடீரென்று ஒன்றும் போவதில்லை. தாயைவிட்டுப் பிரித்த அன்றே பெரும்பாலும் ஆபத்து தொடங்கிவிடுகிறது.

முயல் விந்தையான தாய். சுமார் 31 நாள் சினைக்குப் பிறகு கண் திறக்காத, காது கேளாத, மயிரில்லாத குட்டிகளை ஈனும். தன் உடம்பு மயிரையே பிடுங்கி மெத்தை போட்டு அவற்றை மூடிவிட்டு விலகிப்போய்விடும். பால் கொடுக்க நாளுக்கு ஒருமுறை வரும், அபூர்வமாக இரண்டு முறை. வந்தாலும் மூன்று நான்கு நிமிடம்தான். குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்திருக்கும் நாயையும் பூனையையும் பார்த்துப் பழகிய நமக்கு இது கல்நெஞ்சாகத் தோன்றும். ஆனால் தாய் அடிக்கடி வந்துபோனால் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு நரி வந்துவிடும். வீட்டு முயல்களுக்கெல்லாம் மூதாதையான ஐரோப்பியக் காட்டு முயல், பால் கொடுத்து முடித்ததும் வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டே போகிறது.

குட்டிகள் அந்தச் சில நிமிடங்களை வீணாக்குவதில்லை. தாய்ப்பாலிலிருந்து எழும் ஒரு வேதிப்பொருளின் வாசனை பட்டதும் தலையை ஆட்டித் துழாவி, சில நொடிகளில் காம்பைக் கவ்விக்கொள்கின்றன. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003இல் அந்தப் பொருளை இனங்கண்டார்கள். பாலும் லேசுப்பட்டதல்ல. பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல், கொழுப்பு சுமார் 4. முயல் பாலில் இரண்டுமே 10 சதவீதத்தைத் தாண்டும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குட்டியின் எடை இரட்டிப்பாகிவிடுகிறது.

பாலின் பெரிய வேலை ஊட்டம் மட்டுமல்ல. வளர்ந்த முயலின் இரைப்பை கடும் அமிலம் நிறைந்தது, பிஹெச் அளவில் 1 முதல் 2. உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே செத்துவிடும். பால்குடிக் குட்டியின் இரைப்பையிலோ பிஹெச் 5 முதல் 6.5 வரை இருக்கும். கிருமிக்கு அது வசதியான இடம். ஆனாலும் பால்குடிக் குட்டிகளின் இரைப்பையிலும் சிறுகுடலிலும் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கின்றன. அமிலம் இல்லாத இடத்தில் அவற்றைத் தடுப்பது எது?

1966இல் வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது. குட்டியின் வயிற்றில் உள்ள நொதி, தாய்ப்பால் கொழுப்பிலிருந்து ஆக்டனாயிக், டெக்கனாயிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுக்கிறது. கிருமிகளைக் கட்டிப்போடுபவை இவைதான். கால்நடை மருத்துவ நூல்கள் இதைப் ‘பால் எண்ணெய்’ என்கின்றன. முயல் பாலைத் தவிர வேறு பால் குடித்து வளரும் குட்டிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. பசும்பாலைப் பஞ்சில் நனைத்துப் புகட்டும் அன்பு பலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வாரம்வரை பால் பெருகும், பிறகு குறையத் தொடங்கும். குட்டி புல்லைக் கொறிக்கப் பழகுவதும் அப்போதுதான். பால் எண்ணெயின் காவல் மெல்ல விலக, அமிலத்தின் காவல் மெல்ல வந்து சேரும். ஒருவர் வந்து பொறுப்பேற்ற பிறகே மற்றவர் கிளம்ப வேண்டிய பணிமாற்றம் இது. நான்காவது வாரத்தில் குட்டியை வெடுக்கென்று பிரித்தால், பழைய காவலர் போய்விடுகிறார், புதியவர் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. தாய் வயிற்றிலிருந்தபோதே பெற்றுவந்த எதிர்ப்புப் பொருள்களும் ஏறக்குறைய இதே வாரங்களில்தான் தேய்ந்துகொண்டிருக்கும்.

குடலின் பின்பகுதியிலும் இதே கதைதான். பெருங்குடலின் தொடக்கத்தில் குருட்டுக்குடல் என்ற பெரிய பை இருக்கிறது. வளர்ந்த முயலின் செரிமானப் பாதையில் உள்ள மொத்த உணவில் சுமார் 40 சதவீதம் அங்கேதான் தங்கும். நார்ச்சத்தை நொதிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர்களின் குடியிருப்பு அது. பிறக்கும்போது காலி. தாய் கூட்டில் விட்டுப்போகும் புழுக்கைகளைக் குட்டிகள் முதல் நாட்களிலேயே கொறிக்கின்றன. நமக்கு முகம் சுளிக்கத் தோன்றும், குட்டிக்கோ குடியேற்றம் அப்படித்தான் தொடங்குகிறது. அந்தக் கூட்டம் நிலைபெறப் பல வாரம் ஆகும்.

அதற்குள் புது வீடு, இரைச்சல், பிள்ளைகளின் கைகள், போதாததற்குப் பிஸ்கட்டும் சோறும் ரொட்டியும். பால் மறக்கும் வயதில் மாவுச்சத்தை முழுதாகச் செரிக்கத் தெம்பு இருக்காது. மிச்சம் குருட்டுக்குடலுக்குப் போய்க் கெட்ட கிருமிகளுக்குத் தீனியாகும். கிளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோபார்மே என்ற பாக்டீரியா அங்கே பெருகி நச்சைச் சுரந்தால், ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

காக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் இந்த வயதைத்தான் குறிவைக்கும். நெருக்கியடித்த, ஈரமான கூண்டு அதற்குப் போதும். ஈரலைத் தாக்கும் அதன் வகையை லீவன்ஹூக் 1674இலேயே முயலின் பித்தநீரில் கண்டதாகக் கருதுகிறார்கள், என்னவென்று அவருக்குத் தெரியாவிட்டாலும்.

பண்ணைகளில் முப்பது நாளிலேயே பிரிக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே குட்டி பெரும்பாலும் அதே கொட்டகையில், அதே தீவனத்தோடு, உடன்பிறப்புகளோடு இருக்கிறது. அப்படியிருந்தும் கழிச்சலால் வரும் சாவுகள் பால் மறக்கவைத்த அடுத்த சில வாரங்களில்தான் குவிகின்றன. 1990களின் பிற்பாதியில் பிரான்சின் பண்ணைகளில் கிளம்பிய முயல் குடல்நோய் இந்த வயதுக் குட்டிகளைத்தான் வாரிக்கொண்டுபோனது. தொழிலாகச் செய்பவர்களையே திணறடிக்கும் ஒன்றை, அட்டைப்பெட்டியில் குட்டியைக் கொண்டுவரும் குடும்பம் சமாளிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வீட்டில் நடக்கும் இன்னொரு விபரீதமும் உண்டு. குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றதும் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் மருந்தில் இரண்டு சொட்டு விடுகிறார்கள். வாய்வழி கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, கிளாஸ்ட்ரிடியத்துக்கு வழிவிடும். நோயில் பிழைத்திருக்கக்கூடிய குட்டி மருந்தில் போய்விடும்.

கடலைக்கொல்லையில் கண்டெடுக்கும் குட்டி வேறு. அது நம் ஊர்க் காட்டு முயல். வளை தோண்டாது, மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அதன் தாயும் நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பதில்லை. தனியாகக் கிடப்பதால் அநாதை என்று முடிவுகட்டித் தூக்கி வராதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

முயல் வளர்க்க ஆசைப்படுபவர்கள் எட்டு வாரம் முடிந்த குட்டியைக் கேளுங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். இதற்குமேல் வளராத ரகம் என்று சொன்னால் நம்பாதீர்கள். சந்தையில் விற்கும் வெள்ளைக் குட்டிகள் பல, கிலோக்கணக்கில் வளரும் பண்ணை இனத்தவை. அதுவரை தின்றுவந்த தீவனத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, சில நாளில் மெல்ல மாற்றுங்கள். அருகம்புல், வேலிமசால், உலர்ந்த புல் என நார்ச்சத்துதான் முதல் உணவாக இருக்கட்டும். கேரட் எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்பதைக் குட்டி வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாத குட்டியை மறுநாள் காலைவரை வைத்துப் பார்க்கக் கூடாது.