இரண்டு ஓட்டையிலும் எரிந்த டெஸ்டர்

தேங்காய்ச் சட்னி பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டது. ஃபிரிட்ஜும் சத்தமில்லாமல் அடங்கிவிட்டது. கரண்ட் போய்விட்டதா என்று பார்த்தால், ஹாலில் ஃபேன் சுற்றுகிறது, டிவி ஓடுகிறது. சமையலறையிலும் அதற்கு அடுத்த பின்னறையிலும் மட்டும் ஒன்றுமே வேலை செய்யவில்லை. போன வாரம் என் அக்கா வீட்டில் நடந்தது இது.

எலக்ட்ரீஷியன் வந்தார். மிக்ஸிக்குப் பக்கத்திலிருந்த பிளக் பாயின்ட்டின் சுவிட்சைப் போட்டு, வலது ஓட்டையில் டெஸ்டரை வைத்தார். ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. அது பேஸ், எரியத்தான் வேண்டும். இடது ஓட்டை நியூட்ரல். அதில் எரியக் கூடாது. வைத்தார். அதிலும் எரிந்தது!

"ரெண்டுலயும் கரண்ட் வருதே மாமா! அப்போ மிக்ஸி டபுள் ஸ்பீடுல இல்ல ஓடணும்?" என்றாள் ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள்.

"ரிட்டன் வருது பாப்பா. நியூட்ரல் எங்கயோ கட்டாயிருக்கு."

மின்சாரம் போவதற்கு வழி இருந்தால் மட்டும் போதாது, திரும்புவதற்கும் வழி வேண்டும். மின்சுற்று என்று பாடப் புத்தகத்தில் சும்மாவா பெயர் வைத்தார்கள்? பேஸ் கம்பியில் 230 வோல்ட் வருகிறது, நியூட்ரலில் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த வித்தியாசம்தான் மோட்டாரை ஓட்டுகிறது. நியூட்ரல் அறுந்துவிட்டால், பேஸின் அழுத்தம் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளைக் கடந்து இடது ஓட்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். இந்தப் பக்கமும் 230, அந்தப் பக்கமும் 230. வித்தியாசம் இல்லை, அதனால் ஓட்டமும் இல்லை.

எலக்ட்ரீஷியன் அதை அங்கேயே காட்டினார். மிக்ஸியின் சுவிட்சை அணைத்தார், ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். இடது ஓட்டையில் டெஸ்டர் அணைந்துபோனது. மோட்டார் வழியாக வந்த பாதை அடைபட்டுவிட்டது அல்லவா?

இதில் ஒரு பயங்கரமும் இருக்கிறது. எதுவுமே ஓடாத பிளக் பாயின்ட்டை 'செத்துப்போச்சு' என்கிறோம். அக்கா வீட்டில் அப்படிச் செத்த பாயின்ட்டில் ஓர் ஓட்டைக்குப் பதில் இரண்டு ஓட்டையிலும் ஷாக் காத்திருந்தது. டெஸ்டர் பிடித்தவருக்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்பீர்கள். அதன் வயிற்றுக்குள் ஒரு குட்டி நியான் விளக்கும், சுமார் 10 லட்சம் ஓம் மின்தடையும் இருக்கின்றன. அதனால் அவர் உடம்பு வழியாகக் கால் மில்லியாம்பியருக்கும் குறைவாகத்தான் போகும். உடம்புக்குத் தெரியாது, நியானுக்கு அது போதும். ஆனால் அந்த மின்தடை பழுதானால் டெஸ்டர் வெறும் இரும்புக் கம்பிதான். ஆகவே அது பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

சரி, நியூட்ரல் எங்கே அறுந்தது? அந்த வீட்டில் கறுப்பு நியூட்ரல் கம்பி மெயினிலிருந்து ஹால் சுவிட்ச் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து சமையலறைக்கும், பிறகு பின்னறைக்கும் போகிறது. ஹாலில் எல்லாம் ஓடுகிறது, சமையலறையில் இல்லை. அப்படியானால் கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில். மெயினை அணைத்தார், கரண்ட் இல்லை என்று சரிபார்த்தார், முதலில் சமையலறை பாக்ஸைக் கழற்றினார். எல்லா ஸ்க்ரூவும் இறுக்கமாக இருந்தன.

பிறகு ஹால் பாக்ஸ். "அதான் நல்லா வேலை செய்யுதே?" என்றார் அக்கா. அதில்தான் இருந்தது கோளாறு! ஒரே ஸ்க்ரூவில் மூன்று கறுப்புக் கம்பிகளைத் திணித்திருந்தார்கள். ஹாலுக்கு வருகிற கம்பி நன்றாகப் பிடித்திருந்தது. சமையலறைக்குப் போகிற கம்பி மட்டும் நழுவி வெளியே நின்றது. அதன் முனை கரியாகி, மேலுறை உருகி, கரிந்த வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்னறையில் தினமும் இஸ்திரி போடுவார்கள். 1000 வாட் இஸ்திரிப்பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். லூசான இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே அந்த இடத்தில் மட்டும் 9 வாட் சூடு பிறக்கும். ஒரு எல்இடி பல்பு முழுக்கச் செலவிடும் சக்தி, ஓர் அரிசி அளவு இடத்தில்! சூடேறும்போது செம்பு விரியும், ஆறும்போது சுருங்கும், பிடி இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். இஸ்திரி போடும்போதெல்லாம் சமையலறை லைட் மினுக்கியதும், ஹாலில் லேசாகக் கருகல் வாடை வந்ததும் அக்காவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுவிட்ச் பாக்ஸில் கருகல் வாடை வந்தாலும் சரி, 'கிர்ர்' என்று சத்தம் போட்டாலும் சரி, தொட்டுப் பார்க்காமல் உடனே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கரிந்த முனையை வெட்டி எறிந்து, புதிதாகச் சீவி, தனி கனெக்டரில் இறுக்கினார். மெயினைப் போட்டதும் மிக்ஸி உறுமியது. மறுபடியும் டெஸ்டரை வைத்துக் காட்டினார். வலதில் எரிந்தது, இடதில் இல்லை.

"இப்போ பாதிலதான் கரண்ட் வருது, ஆனா முழுசா அரைக்குது" என்றாள் அக்கா மகள்.